கோர்டன் சொல்லச் சொன்னது

வேலையால வந்த அப்பா சப்பாத்தைக் கழட்டேக்கையே சொல்லிப்போட்டார். சனிக்கிழமை விடிய காட்டுக்குப் போறாராம், வான்கோழி வேட்டைக்கு. அட்சயாவும் வாறாளாம்.

அம்மா குசினிக்க நிண்டவ. கரண்டியோட வெளியில வந்தா.

"ஆர் சுடுறது? நீங்களோ?"

"நானில்லையப்பா. கோர்டன். எங்கட போர்மன். நான் சும்மா பக்கத்தில இருக்கிறது. அவன் சொல்லுறதைப் பிள்ளை எனக்குச் சொல்லுவாள்."

"கிறிஸ்மஸ்சுக்குக் கொம்பனி ஐஸ் கட்டின வான்கோழி ஒண்டு தந்ததுதானே? அதை வெட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கை மூட்டு விட்டுப்போச்சு. மூண்டு நாள் உதையே திண்டனாங்கள். பேந்தென்னத்துக்குக் காட்டில போய்த் தேடுறியள்?"

"அது பாமில வளத்தது. இது காட்டில திரியிறது."

"ரெண்டுக்கும் நான் போடுற தூள் ஒண்டுதான்," எண்டிட்டு அம்மா திரும்பிப் போயிட்டா.

அட்சயாவுக்குப் பதினைஞ்சு வயசு. கனடாவில, அஜின்கோர்ட்டில அவையின்ர அப்பார்ட்மென்ரில இங்கிலீசுக்கு அவள்தான். அம்மாக்கு வயித்துக்குள்ள எந்த இடத்தில குத்துது எண்டு டொக்டருக்குச் சொல்லுறதும் அவள்தான், ஹீற்றர் வேலை செய்யேல்லை எண்டு சுப்பரின்ரெண்டனோட சண்டை பிடிக்கிறதும் அவள்தான். பன்ரண்டு வயசிலயிருந்து செய்து செய்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திட்டுது. இந்தப் பக்கத்தால வாறதை அந்தப் பக்கத்தால விடுறது. நடுவில அவள் இல்லை. தண்ணிக் குழாய் மாதிரி.

ஆனா இந்தப் பயணத்துக்கு அவளுக்கு விருப்பமில்லை. பயம் கோழிக்கில்லை, துவக்குக்கு.

ஊரில ஒருக்கா ஒரு செக்பொயின்ரில அப்பாவை முழங்காலில இருத்தி, நெத்தியில துவக்கை வைச்சுக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க வைச்சிருந்தவங்கள். சுடேல்லை. விட்டிட்டாங்கள். ஆனா கனடாவுக்கு வந்த பிறகும் அப்பா நித்திரையில கத்துவார். பக்கத்து அறையில அட்சயா எழும்பியிருந்து காதைப் பொத்திக்கொள்ளுவாள். போன வருசம் பனி தொடங்கின காலத்தில அது நிண்டுபோச்சு. ஏன் நிண்டதெண்டு ஆருக்கும் தெரியாது. வீட்டில அதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கதைச்சால் திரும்ப வந்திடுமெண்ட பயம். இப்ப அப்பாவே தேடிப் போய் ஒரு துவக்குக்குப் பக்கத்தில இருக்கப் போறாராம்.

"அப்பா, மாட்டன் எண்டு சொல்லேலாதோ?" எண்டு கேட்டுப் பாத்தாள்.

"போர்மன் ஆசையாக் கேக்கேக்கை எப்பிடிப் பிள்ளை மாட்டன் எண்டுறது? அதோட…" அப்பா முகத்தில ஒரு சின்னச் சிரிப்பு. "நான் உன்ர வயசில மாமாவோட முல்லைத்தீவுக் காட்டில கோழி பாக்கப் போனனான். அதைத்தான் நான் கையைக் காட்டிக் காட்டி அவனுக்குச் சொன்னது. அவனுக்கு விளங்கிட்டுது."



சனி விடியப்புறம் வெளிக்கிடேக்கை அம்மா சாமித் தட்டுக்கு முன்னால அப்பாவை நிப்பாட்டினா. மூண்டு குறித் திருநீறு, பெருசா. நடுவில சந்தனம். அதுக்கு மேல, முதல் நாள் கோயிலில வாங்கின குங்குமம்.

"காணுமப்பா, கோயிலுக்கே போறன்?" எண்டார் அப்பா.

"தூரப் பயணம். பேசாமல் நில்லுங்கோ."

அட்சயாக்கும் பூச வந்தா. அவள் தலையைத் திருப்பி, கொஞ்சமா விபூதி மட்டும் வாங்கிக்கொண்டாள். லிஃப்ட்டுக்க அதையும் துடைச்சுப்போட்டாள். பள்ளிக்கூடத்தில ஒருக்கா உது என்ன தூள் எண்டு கேட்டவங்கள். அதுக்குப் பிறகு எப்பவும் அப்பிடித்தான்.

கீழ கோர்டன் ட்ரக்கை ஸ்ராட்டில விட்டிட்டு நிண்டவர். நரைச்ச தாடி, பெரிய கை, மெதுவாக் கதைக்கிற மனுசன். அப்பாவைக் கண்டதும் "நவா!" எண்டார். நவரட்ணம் எண்டு அவரால சொல்லேலாது. பச்சையும் மண்ணிறமும் கலந்த ஜக்கெற் ரெண்டும் தொப்பி ரெண்டும் குடுத்தார். இருட்டுக்க அப்பா தொப்பியைப் புருவம் மட்டும் இழுத்து மாட்டினார்.

விட்பி தாண்டி வீடுகள் குறைஞ்ச பிறகு கோர்டன் சட்டம் சொல்லத் தொடங்கினார். அட்சயா நடுவில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வந்தாள். சேவலைத்தான் சுடலாம், நெஞ்சில தாடி மாதிரித் தொங்குமாம். மரத்தில முதுகு வைச்சு அசையாமல் இருக்கோணும். கோழி கத்துற பக்கத்துக்கு நடந்து போகக்கூடாது, எங்களைத் தேடி அது வரும்.

"மாமா தவண்டு தவண்டு போவார்," எண்டார் அப்பா. "இவங்கள் நல்ல சோம்பேறியள்."

அவள் அதைக் கோர்டனுக்குச் சொல்லேல்லை.

பேந்து கோர்டன், இதுதான் முக்கியம் எண்டார். சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த மூண்டு நிறமும் உடம்பில எங்கயும் தெரியக்கூடாது. வான்கோழிச் சேவலின்ர தலை அந்த நிறந்தான். பத்தைக்குள்ள ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை அசைஞ்சால் வேட்டைக்காரன்ர மூளை மிச்சக் கோழியைத் தானாக் கீறிப்போடும். வெள்ளைச் சொக்ஸ் தெரிஞ்சு காலில வெடி வாங்கின ஆளைத் தனக்குத் தெரியும் எண்டார்.

அட்சயா சொன்னாள். சொல்லேக்கையே அவளின்ர கண் அப்பாவின்ர தொப்பிக்குப் போச்சு.

"அப்பா, உங்கட நெத்தியில."

அப்பா தொப்பியைத் தொட்டுப் பாத்தார். "உதுக்குள்ள தானே கிடக்கு. ஆர் பாக்கிறது?"

"துடைச்சால் என்ன?"

"அம்மா பூசினதைத் துடைக்கிறதோ? விசர்க்கதை கதையாதை."

கோர்டன் என்னவாம் எண்டு கேட்டார். அவள் ஒண்டுமில்லை எண்டாள். நெத்தியில சாம்பல் இருக்கு, சிவப்புப் பொட்டு இருக்கு, அது ஏன் எதுக்கெண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினால் பீற்றர்புரோ போய்ச் சேரும்மட்டும் இழுபடும். வெக்கமாவும் இருந்தது. தொப்பிக்குள்ள தானே எண்டு தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

காடு விறைச்சுப்போய்க் கிடந்தது. மே மாசம் தொடங்கியும் இலையள் பாதிதான் விட்டிருந்தது. கோர்டன் மரமில்லாத வெட்டையில ஒரு பிளாஸ்ரிக் பெட்டைக்கோழியைக் குத்தி வைச்சிட்டு, ஒரு பெரிய மேப்பிள் மரத்தில சாஞ்சு இருந்தார். துவக்கு முழங்காலில. அட்சயா அவருக்குப் பக்கத்தில. அப்பா கொஞ்சம் தள்ளிப் பின்னால இன்னொரு மரத்தடியில.

கோர்டன் சின்ன மரப்பெட்டி ஒண்டை எடுத்து மூடியை உரசினார். அச்சொட்டாப் பெட்டைக்கோழிச் சத்தம். திரும்பிப் பாத்தால், அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அட்சயா அவர் அப்பிடிச் சிரிச்சு எப்ப கண்டதெண்டு யோசிச்சாள். நினைவு வரேல்லை.

தூரத்தில ஒரு சேவல் மறுமொழி சொல்லிச்சுது. தகரப் பேணிக்குள்ள கூழாங்கல் உருளுற மாதிரி ஒரு சத்தம். கோர்டன் விரலைத் தூக்கிக் காட்டினார். பேந்து நெடுநேரம் ஒண்டுமில்லை.

வெளிச்சம் வரத் தொடங்கிச்சுது. அப்பா மெதுவா எழும்பினார். அட்சயா பாத்தாள். அவர் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார், பேந்து ரெண்டு கையையும் நெஞ்சில குவிச்சுக் காட்டினார். அவளுக்கு விளங்கிட்டுது. அப்பா ஒவ்வொரு நாளும் விடியப் பல்கனியில நிண்டு சூரியனைக் கும்பிடுறவர். பனி கொட்டினாலும் வெறுங்காலோட நிப்பார். இண்டைக்கு மட்டும் விடுவாரோ? அவள் தலையை ஆட்டினாள். அவர் பின்பக்கமா நடந்து மறைஞ்சார்.

எங்க போறார் எண்டு கோர்டன் குசுகுசுத்தார்.

சூரியன், கும்பிடு, செருப்பில்லாமல்… அதை எப்பிடி இங்கிலீசில, அதுவும் குசுகுசுத்துச் சொல்லுறது? "வோஷ்றூம்," எண்டாள்.

கோர்டன் சிரிச்சிட்டு முன்னால பாத்தார்.

பின்பக்கம் பெரிய மரங்கள் சூரியனை மறைச்சிருக்கோணும். அதால அப்பா வளைஞ்சு வளைஞ்சு வெட்டையின்ர அடுத்த ஓரத்துக்குப் போயிருக்கிறார். அங்க சீடர் எண்டுற சின்ன மரங்களின்ர பத்தையள். அங்க நிண்டு இவையின்ர பக்கம் திரும்பினால் மரங்களுக்கு மேலால சூரியன் தெரியும். இது அட்சயாவுக்குப் பேந்துதான் தெரியும்.

சேவல் திரும்பக் கத்திச்சுது. இந்தமுறை கிட்ட, அந்தச் சீடர்ப் பக்கம். கோர்டன்ர முதுகு நிமிந்தது. அவர் மூச்சு விடுறதையே நிப்பாட்டினமாதிரி இருந்தது.

பத்தைக்குள்ள ஒண்டு அசைஞ்சுது. வெள்ளை. அதுக்கு நடுவில சிவப்பு. கீழ போச்சு, பேந்து மேல வந்தது.

கோர்டன் துவக்கை மெள்ள மெள்ள உயத்தினார். அட்சயாவும் கோழி எண்டுதான் நினைச்சாள். வடிவாத் தலை தெரியுது எண்டு நினைச்சாள். அது திரும்பக் கீழ போய் மேல வந்தது. 'க்ளிக்' எண்டு ஒரு சின்னச் சத்தம், கோர்டன்ர விரலுக்குக் கீழ துவக்கின்ர பாதுகாப்புப் பூட்டுத் திறந்தது.

மூண்டாந்தரம் குனியேக்கைதான் அவளுக்குத் தெரிஞ்சுது. அந்தக் குனியிற விதம். முதல் கொஞ்சம் நிண்டு, பேந்து ஒரேயடியா. பல்கனிக் கண்ணாடிக்குள்ளால எத்தினை விடிய அதைப் பாத்திருக்கிறாள்.

கத்தோணும். வாயைத் திறந்தாள். சத்தம் வரேல்லை.

ஊரில பங்கருக்குள்ள இருக்கேக்கை பிளேன் சுத்தினால் அம்மா அவளின்ர வாயை இறுக்கிப் பொத்துவா. ஒளிச்சிருக்கேக்கை சத்தம் போடக்கூடாது. அது உடம்புக்குள்ள போயிட்டுது. மரத்தடி, உருமறைப்பு உடுப்பு, துவக்கு, அரையிருட்டு, எல்லாம் சேந்து அவளின்ர வாயை அம்மா திரும்பப் பொத்தின மாதிரி.

அவள் கையை நீட்டித் துவக்குக் குழாயை மேலால பிடிச்சாள். இரும்பு சில்லெண்டு இருந்தது. கீழ அமத்தினாள்.

கோர்டன் திரும்பி அவளைப் பாத்தார். கண்ணில கோவம். குறி வைச்ச துவக்கில கை வைக்கிறதெண்டால் எவ்வளவு பெரிய பிழையெண்டு அவர் ட்ரக்கிலயே சொன்னவர்.

"டாட்," எண்டாள். அது மட்டுந்தான் வந்தது.

கோர்டன் பத்தையைப் பாத்தார். அவளைப் பாத்தார். திரும்பப் பத்தையைப் பாத்தார். பேந்து துவக்கின்ர வாயை நிலத்துக்குத் திருப்பி, தோட்டாக்களை ஒவ்வொண்டா வெளியில எடுத்தார். மூண்டாவது அவற்ற கையிலயிருந்து விழுந்து சருகுக்குள்ள போச்சு. அவர் அதைத் தேடேல்லை. அவற்ற முகம் பழைய மெழுகுதிரி மாதிரி இருந்தது.

அந்த நேரம் பாத்துச் சீடருக்கு அங்கால படபடவெண்டு பெரிய சத்தம். உண்மையான சேவல் எழும்பிப் பறந்து போகுது. அதுக்குப் பின்னால அப்பா, ஒரு கையில சப்பாத்து, மற்றக் கையில தொப்பி, வெறுங்காலோட, ஈரப் புல்லுக்குள்ளால ஓடி வாறார். நெத்தி பளிச்செண்டு இருக்கு.

"பிள்ளை! கண்டனியோ? எனக்குப் பக்கத்தில, இந்தா, இவ்வளவு கிட்ட! வாலை விரிச்சுக்கொண்டு ராசா மாதிரி வந்தது! கோர்டன் ஏன் சுடேல்லை?"

அவருக்கு மூச்சு வாங்கிச்சுது. சின்னப் பெடியன் மாதிரி இருந்தார்.

கோர்டன் துவக்கைப் பக்கத்தில நிலத்தில வைச்சார். அப்பாவைப் பாக்காமல் அட்சயாவைப் பாத்துச் சொன்னார். மெதுவா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். அப்பாட்டைச் சொல்லு. நான் அவர் தலைக்குக் குறி வைச்சிட்டன். விரல் விசையில இருந்தது. கோழியெண்டு நினைச்சிட்டன். என்னை மன்னிக்கச் சொல்லு. அப்பிடியே சொல்லு, ஒண்டையும் விடாதை.

அப்பா அவளின்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டார். சிரிப்புப் போகேல்லை.

தலைக்கு. துவக்கு. அவள் அந்த ரெண்டு சொல்லையும் தமிழில மனசுக்குள்ள வைச்சுப் பாத்தாள். பக்கத்து அறையில கேக்கிற அந்தக் கத்தலும் சேந்து கேட்டுது.

"கோழி தப்பிட்டுதாம்," எண்டாள். "தான் சுணங்கிட்டாராம். தன்ர பிழைதானாம். சொறியாம்."

"அட, உதுக்கே?" அப்பா கோர்டனுக்குக் கிட்டப் போய்த் தோளில தட்டினார். தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில, பலமாச் சொன்னார்: "நோ ப்ரொப்ளம், போஸ்! நெக்ஸ்ற் ரைம்!"

கோர்டன் நிமிந்து அவரைப் பாத்தார். பேந்து அப்பாவின்ர கையைத் தன்ர ரெண்டு கையாலயும் பிடிச்சு, விடாமல் பிடிச்சுக்கொண்டே இருந்தார்.

"என்ன பிள்ளை இந்தாள்," எண்டார் அப்பா, கையை இழுக்கவும் ஏலாமல். "ஒரு கோழிக்கு இவ்வளவோ?"

திரும்பி வாற வழியில ஒரு கோப்பிக் கடையில நிப்பாட்டினவை. கோர்டன் வாங்கின டோனற்றை அவர் தொடேல்லை. அப்பா தன்ரையைத் திண்டு முடிச்சு கோர்டன்ரையையும் திண்டார். அடுத்த சனியும் போவமோ எண்டு கேட்டுப் பார் எண்டார்.

அட்சயா கோர்டனைப் பாத்து, கோப்பி நல்லாயிருக்காம் எண்டாள். கோர்டன் தலையை ஆட்டினார். அவள் அப்பாவைப் பாத்து, அடுத்த சனி அவருக்கு வேற வேலையாம் எண்டாள். எவ்வளவு சுகமா வருது எண்டு அவளுக்கே பயமா இருந்தது. ரெண்டு பெரிய மனுசர், ரெண்டு பேரும் அவளின்ர வாயைப் பாத்துக்கொண்டு, அவள் குடுக்கிறதை அப்பிடியே வாங்கிச்சினம்.

வீட்டில அம்மா, எங்க கோழி எண்டு கேட்டா. பறந்திட்டுது எண்டார் அப்பா. அண்டைக்கு முழுக்க அந்தச் சேவலைப் பற்றித்தான் கதை. அம்மாக்கு வாலை விரிச்சுக் காட்டினார், துவாயைப் பிடிச்சுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடேக்கைதான் அட்சயாக்கு அது மூளையில தட்டிச்சுது. ரெண்டு கிழமைக்கு முதல் அப்பா ஒரு கதை சொன்னவர். வேலையில பக்கிங் பகுதியில ஸ்ரீதரன் எண்டு புதுசா ஒரு தமிழ்ப் பெடியன், மொன்றியலில இருந்து வந்தவன், வெள்ளையள் மாதிரி இங்கிலீஸ் கதைக்கிறான் எண்டு. சோத்தைப் பிசைஞ்ச கை நிண்டுது. கோர்டனுக்கு இனி அவள் தேவையில்லை. நாளைக்கு விடிய ஒரு ஆளைக் கூப்பிட்டால் போதும்.

"ஏன் சாப்பிடாமல் இருக்கிறாய்?" எண்டா அம்மா.

"உறைப்பு."

"தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கு உறைப்பே?"

திங்கள் பள்ளிக்கூடத்தால வந்து புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு கதவையே பாத்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்தார். சப்பாத்தைக் கழட்டினார். முகம் கழுவினார். தேத்தண்ணி குடிச்சார். அம்மாவோட ஏதோ மீன் விலையைப் பற்றிக் கதைச்சார். பேந்து பல்கனிக் கதவைத் திறந்து, "பிள்ளை, ஒருக்கா இஞ்ச வா," எண்டார்.

அவள் போனாள். அவர் கதவைச் சாத்தினார். கீழ பார்க்கிங் லொட், கார்கள், வண்டில் தள்ளிக்கொண்டு போற ஆக்கள்.

"கோர்டன் இண்டைக்கு ஸ்ரீதரனைக் கூட்டிக்கொண்டு வந்து என்னோட கதைச்சவன்," எண்டார்.

அவள் கம்பியைப் பிடிச்சாள்.

"என்னவோ நித்திரையில்லையாம். தன்னை உண்மையா மன்னிச்சிட்டனோ எண்டு திரும்பக் கேக்கோணுமாம். அந்தப் பெடியன் அதைச் சொல்லேக்கை எனக்கு என்னெண்டே விளங்கேல்லை. எதுக்கு மன்னிக்கிறது எண்டு கேக்க வாயெடுத்தனான். பேந்து அவன்ர முகத்தைப் பாத்தன்." அப்பா கீழ கார்களைப் பாத்தார். "நான் சொன்னன், எனக்கு எல்லாம் தெரியும், என்ர மகள் அண்டைக்கே எல்லாம் சொன்னவள், நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன் எண்டு."

அட்சயா பிடிச்ச கம்பியை விடேல்லை.

"ஸ்ரீதரனிட்டை நான் மிச்சம் கேக்கேல்லை. கேட்டால் நீ சொல்லேல்லை எண்டு தெரிஞ்சிடும்." அவர் அவளின்ர பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு. கோர்டன் அண்டைக்கு என்ன சொன்னவன்? ஒண்டையும் விடாதை."

"அப்பா…"

"சொல்லு பிள்ளை. நான் கேப்பன்."

அவள் சொன்னாள். கோர்டன் சொன்ன ஒழுங்கிலயே சொன்னாள். தலைக்குக் குறி வைச்சது. விரல் விசையில இருந்தது. கோழியெண்டு நினைச்சது. மன்னிக்கச் சொன்னது. சொல்லச் சொல்லக் குரல் சின்னனாப் போச்சு, ஆனா நிப்பாட்டேல்லை. தான் குழாயைப் பிடிச்சு அமத்தினதைச் சொல்லேல்லை. அது கோர்டன் சொல்லச் சொன்னதில இல்லை.

அப்பா கேட்டுக்கொண்டு நிண்டார். முகத்தில ஒண்டும் மாறேல்லை. முடிஞ்ச பிறகு ஒண்டு மட்டும் கேட்டார்.

"எவ்வளவு தூரத்தில?"

அவள் கீழ பாத்தாள். பார்க்கிங் லொட்டுக்கு அங்கால றோட்டோரம் ஒரு லைற் போஸ்ற் நிண்டது.

"அந்தப் போஸ்ற் அளவு இருக்கும்."

அப்பா ரெண்டு கையையும் கம்பியில வைச்சுக்கொண்டு அந்தப் போஸ்ற்றைப் பாத்தார். உள்ளுக்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டா. ரெண்டு பேரும் போகேல்லை. லைற் பத்திச்சுது. ஒரு மனுசன் அதுக்குக் கீழால நடந்து போனான், முகம் வடிவாத் தெரிஞ்சுது.

"கிட்டத்தான்," எண்டார் அப்பா.